யூஎஸ்பி கேபிள் டெஸ்ட் பண்ண எதை வாங்கலாம்: மல்டிமீட்டரா, லைட் போர்டா, மீட்டரா?

போன மாசம் ஒரு ராத்திரி லேப்டாப்ல இருக்கற போட்டோ வீடியோவையெல்லாம் வெளி எஸ்எஸ்டிக்கு மாத்திரலாம்னு உக்காந்தேன். 200 ஜிபி கிட்ட இருக்கும். எஸ்எஸ்டி பெட்டியில 10 ஜிபிபிஎஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, சாப்ட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்னு பாத்தா செகண்டுக்கு 38 எம்பிலயே நொண்டிக்கிட்டு கெடக்கு, ஒன்றரை மணி நேரம் ஆகும்னு காட்டுது. எஸ்எஸ்டி போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். சும்மா இருக்கட்டும்னு வேற கேபிள் மாத்திப் பாத்தா 900க்கு எகிறுது. மொதல்ல போட்டிருந்தது என்ன கேபிள்னா நல்லா தடியா, துணி சுத்தி, முனையில சூப்பர் ஸ்பீடுன்னு அச்சடிச்சது, பாக்கறதுக்கு அதுதான் ராஜா மாதிரி இருந்துச்சு.

அதே வாரம் மதுரையில இருந்து மச்சான் போன். மாட்டுத்தாவணி பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கார். "மாப்ள, கஸ்டமர் வந்து போன் சார்ஜ் ஏறலங்கறான், போர்டு பாத்து, போர்ட் பாத்து, அரை நாள் கழிச்சு பாத்தா கேபிள்தான் கோளாறு, இதுக்கு ஏதோ டெஸ்டர் வருதாமே, எதை வாங்குறது?"ன்னாரு. எனக்கும் வேணும், அவருக்கும் வேணும், ஆனா ரெண்டு பேர் தேவையும் வேற வேற. அதைப் பத்தி நோண்டினதுல தெரிஞ்சுக்கிட்டதுதான் இது.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், கேபிள் நல்லதா கெட்டதாங்கறது ஒரு கேள்வி கிடையாது, நாலு கேள்வி. போக வேண்டிய கம்பி போக வேண்டிய பின்னுக்கு போகுதா? கரண்ட் போற கம்பி போதுமான தடிமன் இருக்கா? உள்ள சிப் இருந்தா அது என்னன்னு சொல்லுது? ஜிபிபிஎஸ் கணக்குல டேட்டா போகும்போது சிக்னல் கலங்காம போகுதா? விக்கிற டெஸ்டர் எல்லாமே இதுல ஒண்ணு ரெண்டுக்கு, மிஞ்சிப்போனா மூணுக்குத்தான் பதில் சொல்லும், ஆனா விளம்பரத்துல நாலுக்கும் சொல்ற மாதிரி போடுவான்.

டைப்-சி பிளக்ல 24 பின் இடம் இருக்கு. ஆனா சாதா சார்ஜிங் சி டு சி (ரெண்டு முனையும் டைப்-சி) கேபிள்ல அத்தனையும் இருக்காது, பவர், கிரவுண்டு, டேட்டாவுக்கு டி ப்ளஸ், டி மைனஸ், எவ்வளவு கரண்ட் எடுக்கலாம்னு ரெண்டு பக்கமும் பேசிக்கற சிசின்னு அஞ்சு கம்பி போதும், ஸ்டாண்டர்ட் படியே அது செல்லும், டேட்டா 480 எம்பிபிஎஸ்சோட நின்னுரும். வேகமான கேபிள்னா இதோட நாலு ஜோடி கம்பி கூடுதலா ஓடணும். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே அச்சு. என் ராஜா கேபிள் அந்த அஞ்சு கம்பி கோஷ்டிதான்.

தப்பான கேபிள்னா என்ன ஆகும், மெதுவா ஏறும் அவ்வளவுதானேன்னு நெனக்கிறவங்களுக்கு ஒரு கதை. கூகுள்ல இன்ஜினியரா இருந்த பென்சன் லியுங் 2015 கடைசியில அமேசான்ல விக்கிற டைப்-சி கேபிளையெல்லாம் சொந்தக் காசுல வாங்கி டெஸ்ட் பண்ணி ரிவ்யூ எழுத ஆரம்பிச்சாரு. 2016 பிப்ரவரியில ஒரு ஏ டு சி (ஒரு முனை பழைய பட்டை யூஎஸ்பி, மறுமுனை டைப்-சி) கேபிளை சொருகினவுடனே அவரோட குரோம்புக் பிக்சலும், டெஸ்ட் பண்ண வச்சிருந்த ரெண்டு அனலைசரும் சேர்ந்து காலி. பிரிச்சுப் பாத்தா பவர் கம்பியும் கிரவுண்டு கம்பியும் ஏ பக்கத்துல மாத்தி சோல்டர் பண்ணியிருக்கு, 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய எடத்துல 10 கிலோ ஓம், அதுவும் தப்பான பக்கத்துக்கு இழுத்து வச்சிருக்கு, வேக டேட்டா கம்பியே இல்ல. அடுத்த மாசமே ஸ்டாண்டர்டுக்கு ஒத்துவராத டைப்-சி கேபிளை விக்கக்கூடாதுன்னு அமேசான் ரூல் போட்டுச்சு. ரூல் போட்டா வராமலா போச்சு, அது வேற விஷயம்.

அந்த 56 கிலோ ஓம் என்னன்னா, ஏ டு சி கேபிளோட சி முனைக்குள்ள பவருக்கும் சிசி பின்னுக்கும் நடுவுல உக்காந்திருக்கற குட்டி ரெசிஸ்டர். "இது பழைய போர்ட், அடக்கமா இழு"ன்னு போனுக்கு சொல்ற ஆள் அதுதான். அங்க 10 கிலோ ஓம் போட்டா "3 ஆம்பியர் தாராளமா எடுத்துக்கோ"ன்னு அர்த்தம் மாறிடும், போனும் நம்பி இழுக்கும், அந்தப் பக்கம் இருக்கறது வயசான லேப்டாப்போட யூஎஸ்பி போர்ட்டா இருந்தா பாவம் அது.

இப்ப சாமானுக்கு வருவோம்.

மல்டிமீட்டர் எல்லார்கிட்டயும் இருக்கு, அதுலயே பாத்தா போதாதான்னுதான் மச்சானும் மொதல்ல கேட்டாரு. பழைய ஏ, மைக்ரோ மாதிரி கேபிளுக்கு ஒருவாறு சமாளிக்கலாம். டைப்-சி பின் இடைவெளி அரை மில்லிமீட்டர், ப்ரோப் முனையை உள்ள விட்டா பக்கத்து பின்னையும் சேர்த்து தொடும், அதனால ரெண்டு முனைக்கும் பிரேக்அவுட் போர்டு, அதாவது ஒவ்வொரு பின்னையும் தள்ளித் தள்ளிப் பிரிச்சு வச்ச குட்டி போர்டு, வாங்கியே ஆகணும். அது இருந்தா 56 கிலோ ஓம் டெஸ்ட் சுலபம், கேபிளை எதுலயும் சொருகாம, சி பக்கம் சிசி பின்லயும் ஏ பக்கம் பவர் பின்லயும் ப்ரோப் வச்சா 56 கிட்ட காட்டணும். இந்த ஒரு விஷயத்துல மல்டிமீட்டரை அடிச்சுக்க ஆளில்ல.

ஆனா கம்பித் தடிமனைப் பாக்க இது ஒதவாது. ஸ்பெக் படி சி டு சி கேபிள்ல, அதுக்குன்னு சொன்ன முழு கரண்ட் ஓடும்போது பவர் கம்பியில அரை வோல்ட், கிரவுண்டுல கால் வோல்ட், அதுக்கு மேல கொறையக் கூடாது. 3 ஆம்பியர் கேபிள்னா ரெண்டும் சேர்த்து 250 மில்லி ஓம், 5 ஆம்பியர்னா 150. சாதா மல்டிமீட்டர்ல ப்ரோப் ரெண்டையும் ஒண்ணா தொட்டாலே 0.2, 0.3 ஓம்னு காட்டும், அதை வச்சு கால் ஓமை எங்க அளக்கறது, தராசுக்கல்லே அரைக்கிலோ தப்பா இருந்தா தங்கம் நிறுத்த கதைதான். எலக்ட்ரானிக் லோடு, அதாவது நாம சொல்ற அளவு கரண்டை இழுக்கற சாமான், இருந்தா ஒரு குறுக்கு வழி உண்டு. கேபிள் வழியா சரியா 1 ஆம்பியர் ஓட விட்டு, பவர் கம்பியோட ரெண்டு முனைக்கும் நடுவுல எத்தனை மில்லி வோல்ட்னு பாருங்க, காட்டுற நம்பர்தான் மில்லி ஓம். கணக்கே வேணாம்.

அடுத்து லைட் போர்டு. ஒரு கை அகல சர்க்யூட் போர்டு, ஓரமெல்லாம் ஏ, மைக்ரோ, சி, சிலதுல லைட்னிங்னு சாக்கெட், நடுவுல வரிசையா எல்ஈடி, பின்னாடி கார் ரிமோட்டுல போடற சிஆர்2032 பட்டன் பேட்டரி. ட்ரீடிக்ஸ் பேர்ல வர்றது பிரபலம், பேரில்லாம நெறைய வருது, நான் வாங்கினப்ப ஐநூறு அறுநூறு ரூபாய்க்குள்ளதான். ரெண்டு முனையையும் சொருகினா எந்தக் கம்பி இருக்கோ அந்த லைட் எரியும், அவ்வளவுதான். அஞ்சு லைட்டோட நின்னா சார்ஜிங் கேபிள், கோலப்புள்ளி மாதிரி பலகை பூரா எரிஞ்சா முழு கேபிள். பவரும் கிரவுண்டும் மட்டும் எரிஞ்சா மேஜை ஃபேன், இயர்பட்ஸ் கூட வர்ற டேட்டா இல்லாத கேபிள்.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது ஆட்டிப் பாக்கற டெஸ்ட். லைட் எரியும்போதே பிளக் கழுத்துகிட்ட கேபிளை நாலாப்பக்கமும் மெதுவா மடக்குங்க. ஏதாவது ஒரு லைட் கண் சிமிட்டினா உள்ள கம்பி இத்துப்போச்சு, இன்னும் ரெண்டு வாரமோ ரெண்டு மாசமோ. "இப்படி வளைச்சு வச்சா ஏறுது சார்"னு கஸ்டமர் சொல்ற கேஸ் பூரா இதுல பத்து செகண்டுல தெரிஞ்சுரும். அப்புறம் பிளக்கை தலைகீழா திருப்பியும் சொருகிப் பாக்கணும், ஒரு பக்கம் வேலை செஞ்சு மறுபக்கம் செய்யாத கேபிள் நான் நெனச்சதை விட அதிகம். ஷீல்டுன்னு (கம்பிகளைச் சுத்தியிருக்கற உலோக உறை) ஒரு லைட் இருந்தா அதையும் கவனிங்க. யூஎஸ்பி 3 சத்தம் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல போய் கலக்கும்னு இன்டெல்லே 2012ல அறிக்கை போட்டிருக்கு, ஷீல்டு சரியில்லாத கேபிள்ல டிஸ்க் மாட்டினா பக்கத்துல இருக்கற வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்திப் போகும், நம்ம மவுஸை திட்டுவோம்.

குறை என்னன்னா லைட் போர்டுக்கு தடிமன் தெரியாது. எல்ஈடிக்கு சில மில்லி ஆம்பியர் போதும், தலைமுடி மாதிரி கம்பியா இருந்தாலும் பிரகாசமா எரியும். 56 கிலோ ஓம் வழியா வர்ற துளி கரண்டுக்கு மின்மினி மாதிரி மினுங்கினாலும் மினுங்கும், மினுங்காமலும் போகும், அதை வச்சு 56ஆ 10ஆன்னு சொல்ல முடியாது. சிப்போட பேசவும் தெரியாது.

மூணாவது நடுவுல மாட்டுற யூஎஸ்பி மீட்டர், இதுதான் கொஞ்சம் விரிவா சொல்ல வேண்டியது. பழைய காலத்து வோல்ட் ஆம்பியர் மட்டும் காட்டுற இருநூறு ரூபாய் சாமான் வேற. நான் சொல்றது ஃபினிர்ஸி எஃப்என்பி58, பவர்-இசட் கேஎம்003சி மாதிரி, கேபிளுக்குள்ள இருக்கற ஈ-மார்க்கர் சிப்பை படிக்கறது. விலை சில ஆயிரம். 3 ஆம்பியருக்கு மேல போற சி டு சி கேபிள்ல ஈ-மார்க்கர் கட்டாயம் இருக்கணும், வேகமான முழு கேபிள்லயும் இருக்கணும், 60 வாட் வரைக்கும் போற சாதா கேபிளுக்கு வேண்டாம். 2021ல யூஎஸ்பி பவர் டெலிவரி ஸ்டாண்டர்டோட 3.1 வெர்ஷன் வந்தப்புறம் 48 வோல்ட் 5 ஆம்பியர், அதாவது 240 வாட் வரைக்கும் போச்சு. சிப்பைக் கேட்டா எத்தனை ஆம்பியர், எத்தனை வோல்ட், எந்த வேகம், தயாரிச்ச கம்பெனியோட நம்பர் என்னன்னு சொல்லும்.

சொல்லும்ங்கறதுதான் முக்கியம். அது சிப்ல எழுதி வச்ச வாக்குமூலம், அளந்து சொன்னது கிடையாது. ஆன்லைன்ல வாங்கின ஒரு கேபிளை மீட்டர்ல போட்டேன், 5 ஆம்பியர், 50 வோல்ட், யூஎஸ்பி4, 40 ஜிபிபிஎஸ்னு சும்மா அள்ளி விடுது. சந்தேகப்பட்டு லைட் போர்டுல போட்டா அதே அஞ்சு லைட்டு, வேகக் கம்பி ஒண்ணு கூட கிடையாது! கல்யாண பயோடேட்டா தோத்துச்சு. ஆனா நியாயமா சொல்லணும்னா ரெசிஸ்டன்ஸ் 140 மில்லி ஓம்தான், பவர் விஷயத்துல உண்மையைத்தான் சொல்லியிருக்கு, லேப்டாப் சார்ஜருக்கு இன்னிக்கும் அதைத்தான் போடறேன்.

ரெசிஸ்டன்ஸ் எப்படி அளக்கறதுன்னா, மொதல்ல மீட்டரை நேரா சார்ஜர்ல சொருகி, அதுல லோடு மாட்டி 2 ஆம்பியர் இழுத்து வோல்ட் எவ்வளவுன்னு குறிச்சுக்கணும். அப்புறம் சார்ஜருக்கும் மீட்டருக்கும் நடுவுல கேபிளை வச்சு அதே 2 ஆம்பியர். ரெண்டு வோல்ட்டுக்கும் வித்தியாசத்தை கரண்டால வகுத்தா ஓம். நல்ல மீட்டர்ல இதுக்குன்னே ஒரு மெனு இருக்கு. லோடுக்கு பதில் போனை மாட்டி அளக்காதீங்க, போன் வோல்ட் கொறஞ்சா கரண்டையும் கொறச்சுக்கும், கணக்கு பூரா தப்பாயிரும்.

அம்மா போன் சார்ஜ் போடற கேபிளை இப்படி அளந்தேன். நேரா 5.12 வோல்ட், கேபிளோட 4.27. வித்தியாசம் 0.85, ரெண்டால வகுத்தா 425 மில்லி ஓம். ஒரு மீட்டர் கேபிள்தான், உள்ள 28 கேஜ் கம்பியா இருந்தா கிட்டத்தட்ட இதே கணக்குதான் வரும், மீட்டருக்கு 213 மில்லி ஓம், போக வர ரெண்டு தடவை. ஆனா அதே கேபிள் 9 வோல்ட் ஃபாஸ்ட் சார்ஜர்ல போட்டா ஒண்ணுமே தெரியாது, 9ல 0.85 போனா போனுக்கு கவலையே இல்ல, சந்தோஷமா ஏறும். கேபிள் மட்டும் வெதுவெதுன்னு இருக்கும், 2 ஆம்பியர்ல 1.7 வாட் கேபிளுக்குள்ளயே சூடாப் போகுது. அதனால ஃபாஸ்ட் சார்ஜ் ஆகுது, அதனால நல்ல கேபிள்ங்கற முடிவு செல்லாது.

நாலாவது, ஸ்கிரீன் வச்ச கேபிள் டெஸ்டர். லைட் போர்டு, ரெசிஸ்டன்ஸ், ஈ-மார்க்கர் மூணையும் ஒரே பெட்டியில போட்டது. ட்ரீடிக்ஸ்லயே கலர் ஸ்கிரீன் மாடல் இருக்கு, ஜப்பான்காரங்க பிட் ட்ரேட் ஒன்னோட யூஎஸ்பி கேபிள் செக்கர் 2 இருக்கு. ரெண்டு முனையையும் சொருகினா எந்தெந்த கம்பி, எத்தனை மில்லி ஓம், சிப் என்ன சொல்லுதுன்னு எல்லாம் ஸ்கிரீன்ல வந்துரும். லோடு வேணாம், சார்ஜர் வேணாம், கணக்கு வேணாம். சிப் வாக்குமூலமும் கம்பி நெலவரமும் ஒரே நேரத்துல கண்ணு முன்னாடி நிக்கிறதால பொய் சொல்ற கேபிள் உடனே மாட்டிக்கும். ஆனா உண்மையான 3 ஆம்பியர் ஓடும்போது பிளக் சூடாகுதா, வோல்ட் ஆடுதாங்கறதை இது பாக்காது, ஓட விட்டு பாக்க மீட்டர்தான் வேணும். சார்ஜரை டெஸ்ட் பண்ணவும் இது ஒதவாது.

செலவே இல்லாத ஒரு வழி, கம்ப்யூட்டரையே கேக்கறது. வேகமான எஸ்எஸ்டி ஒண்ணை சந்தேகக் கேபிள்ல மாட்டி லினக்ஸ்ல எல்எஸ்யூஎஸ்பி கமாண்டை டி ஆப்ஷனோட அடிச்சா 480எம், 5000எம், 10000எம்னு எந்த வேகத்துல கை குலுக்கியிருக்குன்னு காட்டும். மேக்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல இருக்கு. விண்டோஸ்ல பெரிய ஃபைலை காப்பி பண்ணிப் பாத்தாலே போதும், 40 எம்பி பக்கத்துலயே நின்னா யூஎஸ்பி 2 கேபிள். நாலாவது கேள்விக்கு, அதாவது சிக்னல் கலங்குதாங்கறதுக்கு, வீட்டுல கிடைக்கற ஒரே பதிலும் இதுதான், மேல சொன்ன எந்த டெஸ்டரும் அதைத் தொடவே இல்ல. ஆனா பேர் தெரியாத கேபிளை எடுத்த எடுப்புல லேப்டாப்புல சொருகாதீங்க, பென்சன் லியுங் குரோம்புக்கை நெனச்சுக்கோங்க. மொதல்ல லைட் போர்டு, அப்புறம் லேப்டாப்.

முறையா சிக்னல் பாக்கணும்னா லேப்தான். இம்பீடன்ஸ், ஒரு ஜோடி இன்னொண்ணுல கலக்கறது, இதெல்லாம் நெட்வொர்க் அனலைசர் வச்சு பாப்பாங்க, யூஎஸ்பி ஸ்டாண்டர்டை நடத்தற யூஎஸ்பி-ஐஎஃப் அமைப்புகிட்ட சர்டிஃபிகேட் வாங்கற கம்பெனிங்க போற வழி அது, நமக்கு இல்ல. நமக்கு அதுல இருந்து கிடைக்கற லாபம் லோகோதான், சர்டிஃபை ஆன சி டு சி கேபிள்ல 60 வாட் இல்லன்னா 240 வாட்னு லோகோ இருக்கணும். நம்ம பிஐஎஸ்சும் அதே டைப்-சி ஸ்பெக்கை ஐஎஸ்/ஐஈசி 62680-1-3:2022னு இந்தியத் தரமா எடுத்துக்கிட்டிருக்கு. லோகோவை அச்சடிக்க ஒரு பிரின்டர் போதும்ங்கறதையும் மறக்கக் கூடாது. கேபிளை எக்ஸ்ரே சிடி ஸ்கேன்ல வச்சுப் பாத்த ஆளுங்களும் உண்டு, லூமாஃபீல்டுன்னு ஒரு கம்பெனி ஆப்பிளோட 129 டாலர் தண்டர்போல்ட் கேபிளையும் மலிவு கேபிளையும் அப்படி அக்குவேறா காட்டுச்சு, பிளக்குக்குள்ள ஒரு குட்டி மதர்போர்டே உக்காந்திருக்கு. பாக்க ஆசையாத்தான் இருக்கு, என்ன பண்றது.

கேபிள் மேல பழி போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். மலிவு ட்ரிம்மர், டார்ச், ஸ்பீக்கர் சிலது ஏ டு சி கேபிள்ல ஏறும், சி டு சில ஏறவே ஏறாது. அது கேபிள் குத்தம் கிடையாது, சாமானுக்குள்ள சிசி பின்ல போட வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை மிச்சம் பிடிச்சிருக்கான். சின்னக் கம்பெனிதான்னு இல்ல, 2019ல வந்த ராஸ்பெரி பை 4 மொத வெர்ஷன்லயே ரெண்டு சிசி பின்னுக்கும் ஒரே ரெசிஸ்டரை பொதுவா போட்டு, ஈ-மார்க்கர் கேபிள் மாட்டினா பவரே ஏறாம, அப்புறம் திருத்தினாங்க. இன்னொண்ணு, போன் கம்பெனிக்காரங்க ஏ டு சி கேபிள்ல 6 ஆம்பியர்னு போடுவாங்க, ஸ்டாண்டர்ட் படி ஏ டு சிக்கு 3தான் உச்சம், மீதி அவங்க சொந்த ஏற்பாடு. அந்த மாதிரி கேபிளை டெஸ்டர்ல போட்டு ஃபெயில்னு தூக்கிப் போட்டுராதீங்க, அந்த போனுக்கு அதுதான் வேணும்.

மச்சானுக்கு ஸ்கிரீன் டெஸ்டர்தான் சொன்னேன். கஸ்டமர் எதிர்ல நிக்கும்போது லோடு மாட்டி வகுத்தல் கணக்கு போட முடியாது, ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினா வேலை முடிஞ்சது. ரெண்டாவதா ஒரு மீட்டர், அது அவர்கிட்ட ஏற்கனவே இருந்துச்சு. அதை வச்சு அவர் கேபிள் வியாபாரமும் பண்றார்ங்கறது தனிக்கதை, "பாருங்க சார் உங்க கேபிள் 380, நம்ம கேபிள் 120"ன்னு.

நான் எனக்கு வாங்கினது லைட் போர்டும் மீட்டரும். கேபிளோட சார்ஜர், பவர் பேங்க் எல்லாத்தையும் பாக்கணும்னு எனக்கு இருந்துச்சு, நேரமும் இருக்கு. ஒரே ஒரு சாமான்தான் வாங்குவேன், அதுவும் ஆயிரத்துக்குள்ளன்னா லைட் போர்டு மட்டும் வாங்குங்க, மீதியை கம்ப்யூட்டரையும் கையால தொட்டுப் பாக்கற சூட்டையும் வச்சு ஓட்டிரலாம். மல்டிமீட்டர் கூட பிரேக்அவுட் போர்டுங்கறது ஏற்கனவே நோண்டிப் பழகினவங்களுக்கு மட்டும்.

டிராயர்ல இருந்த 23 கேபிளையும் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து பாத்தேன். முழு வேகக் கம்பி இருந்தது மூணே மூணு. ஆட்டும்போது கண் சிமிட்டினது அஞ்சு, அதையெல்லாம் வெட்டிப் போட்டுட்டேன், வெட்டாம குப்பையில போட்டா யாராவது எடுத்து திரும்ப டிராயர்ல வச்சிருவாங்க. மீதிக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி மில்லி ஓம் எழுதி வச்சேன். அம்மா கேபிள்ல 425ன்னு எழுதி, இது சரியில்ல மாத்தித் தர்றேன்னு சொன்னதுக்கு, "ராத்திரி போட்டா காலைல நூறு இருக்கு, எனக்கென்ன கொள்ளை போகுது"ன்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க. அவங்க சார்ஜர் 1 ஆம்பியர்தான், அதுல பாத்தா 0.43 வோல்ட்தான் கொறையுது. சரி இருக்கட்டும்னு டேப்பை மட்டும் பிச்சு எடுத்துட்டேன்.